ஆறு மணி மாப்பிள்ளை

மார்ச் 4, சனி

வந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபத்தாறு வருடம் நான் சிலோன்காரி. இங்கே மன்னாரில், பிறந்த ஊரில், மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "இந்தியா அக்கா, சூடை இருக்கு, வேணுமோ?" என்கிறார். "வேணாம்ப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டு போனார். பேசுவது கலந்துபோய்விட்டது. எழுத்தாவது ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் இந்தக் கொப்பி.

இன்று மாதத்தின் முதல் சனி. முகாமில் செக்கிங் நாள். முதலாம், மூன்றாம் சனிக்கிழமைகளில் வருவாய்த்துறை அதிகாரி ஆர்.ஐ. வந்து மரத்தடியில் மேசை போட்டுப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட நேரம் ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு அரிசி இல்லை, உதவிப் பணம் இல்லை, ஆளே இல்லை என்ற மாதிரி. வேலைக்கு வெளியே போனவர்களும் ஆறு மணிக்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும்.

இங்கே எந்தச் செக்கிங்கும் இல்லை. ஆனால் என் கணவர் சூசைநாயகம் காலையிலேயே வெளுத்த சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சேட்டை நான்தான் பெட்டி போட்டு மினுக்கி வைத்தேன். எப்படியும் தேடுவார்.

குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஐந்து குடமும் நிரப்பி வைத்தேன்.

மார்ச் 9, வியாழன்

அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மன்னார் டவுனில் ஒரு கலியாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கொன்றாக்டர் நகுலன் நல்ல பொடியன். முகாமில் எங்கள் ஆண்கள் எல்லோரும் பெயிண்ட் வேலைதான் செய்தார்கள், வேறு வேலைக்கு யாரும் கூப்பிடாததால். அந்தக் கைத்திறன் இங்கே மரியாதையாக இருக்கிறது. "இந்தியா மேசன்மாருக்குப் பூச்சு நல்ல வழுவழுப்பு" என்று நகுலன் சொன்னானாம். மேசன் வேறு பெயின்டர் வேறு என்று இவர் திருத்தவில்லையாம்.

மகன் ஜெறோம் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். "அப்பா ஹாப்பியா இருக்காராம்மா?" என்றான். உன் அப்பா எப்போது ஹாப்பியாக இருந்தார் என்றேன். "நீ?" என்றான். அடுப்பில் சோறு பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

தலைவலி. அவர் பிந்தி, ஒன்பது மணிக்கு வந்தார். வேறொன்றும் இல்லை.

மார்ச் 24, வெள்ளி

இந்தப் பத்து நாளாக அவருக்குப் புதிய பழக்கம். ஆறு மணிக்குள் வீடு. வாளியில் பெயிண்ட் மிச்சம் கிடக்கிறது, பிரஷ் கழுவவில்லை, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறாராம். நகுலன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணை, உங்களுக்கு மாலைக்கண்ணோ?"

"ஓமடா தம்பி, மாலைக்கண்தான்."

"கண்ணாடி போட்டாச் சரிவராதோ?"

"இது கண்ணாடிக்குக் கேக்கிற கண்ணில்லை."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? முகாம் அவர் எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஆறு மணி என்றால் இன்னும் கேட் மூடுகிறார்கள் என்று நினைக்கிறார். நான் வேறு தினமும் நாலு மணிக்குப் போன் எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காவிட்டால் பதறிவிடுவார்.

பக்கத்து வீட்டு ரீற்றம்மா இன்றும் ஐந்தரைக்குத் தேங்காய் கேட்டு வந்தார். தேங்காயைக் கொடுத்தாலும் போகிறார் இல்லை. தன் மருமகளைப் பற்றி அவர் சொல்லும் குறைகள் முழுவதும் எனக்கு மனப்பாடம். என் கணவர் பஸ்ஸால் இறங்கி வேலிப் படலையைத் திறந்ததும்தான் எழும்புகிறார். சிலருக்கு அடுத்தவர் நேரத்தின் பெறுமதி தெரிவதில்லை.

ஏப்ரல் 1, சனி

செக்கிங் சனி. வெளுத்த சேட். முற்றம். பத்து மணிவரை இருந்துவிட்டு, "முடிஞ்சுதா? கழட்டட்டோ?" என்று என்னிடம் கேட்டார். கழற்றுங்கள் என்றேன்.

ஏப்ரல் 6, வியாழன்

சந்தியில் இருக்கும் ரியூசன் சென்டரில் ஆள் கேட்டிருந்தார்கள். என் பி.ஏ. இந்தியப் பட்டம் என்றாலும் பரவாயில்லை, எட்டாம் ஒன்பதாம் ஆண்டுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார்கள். முகாமில் இருந்து கல்லூரிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் தடவையாக அந்தப் பட்டத்துக்கு ஒரு வேலை. நேரத்தைக் கேட்டேன். பின்னேரம் ஐந்து முதல் ஏழு வரை.

அவரை இந்த நிலைமையில் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? முடியாது என்று சொல்லிவிட்டு நடந்துவந்தேன். வழி முழுக்க அவர்மேல் ஆத்திரம். ஒரு மனிதரின் வருத்தம் இரண்டு பேரைத் தின்கிறது.

ஏப்ரல் 16, உயிர்த்த ஞாயிறு

நேற்று இரவுப் பூசைக்கு ஊரே போனது. நாங்கள் போகவில்லை. அவர் குளித்து வெளிக்கிட்டு நின்றார்தான். "போவமோ?" என்று கேட்டார். கேட்ட குரலிலேயே அவருக்கு விருப்பமில்லை என்று விளங்கிவிட்டது. வேண்டாம் என்றேன். உடனே சரி என்றுவிட்டார். பார்த்தீர்களா?

காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது இளைஞர்கள் சிலர் மதிலில் இருந்தார்கள். ஒருவன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "ஆறு மணி மாப்பிள்ளை, இன்னும் நேரம் கிடக்கு, ஓடாதேங்கோ!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஐம்பது வயது மனிதருக்குச் சூடு வேண்டாமா? வீட்டுக்கு வரும்வரை நான் முன்னால் நடந்தேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போனேன். அவர் வரமாட்டார் என்று தெரியும், அதனால் நான் மட்டும் போனேன். உளவளத்துணையாளர் சிவாஜினி மிஸ்ஸுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்: ஆறு மணி, வெளுத்த சேட், இரவுப் பூசை. கவனமாகக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு நித்திரை எப்பிடி அம்மா?" என்றார்.

"நான் அவருக்காகத்தான் வந்தனான்."

"ஓம் அம்மா. உங்களுக்கு எப்பிடி எண்டு கேட்டன்."

"அவர் நித்திரை கொண்டால் நானும் கொள்ளுவன்."

"அடுத்த செவ்வாய் நீங்கள் திரும்ப வாங்கோ. அவர் வராட்டியும் பரவாயில்லை."

வராத நோயாளிக்கு என்னத்தைப் பார்த்து வைத்தியம் செய்யப் போகிறார்? படிப்பு இருக்கிறது, அனுபவம் இல்லை. பஸ் காசு நட்டம்.

மே 6, சனி

செக்கிங் சனி. நகுலன் வந்தான். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடம், பெரிய வேலை, பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். இது முடிந்தால் தன்னோடு நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வானாம். முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பானாம். கோபமாகச் சொல்லவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். வரும் இருபதாம் திகதிக்குள் பதில் வேண்டும்.

இவர் சேட் பொத்தானைத் தடவிக்கொண்டு, "பாப்பம்" என்றார்.

பாப்பமாம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு பூச்சில்லாமல் நிற்கிறது. இந்த வேலையும் போனால் திரும்பிப்போவதைத் தவிர வேறு வழியில்லை. திரும்பிப்போக முடியுமா என்று அவரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "உனக்குப் போக விருப்பமோ?" என்றார். எனக்கு எதற்கு விருப்பம்? அவருக்காகத்தான் கேட்டேன்.

மே 9, செவ்வாய்

கிளினிக் நாள். போன செவ்வாயும் போகவில்லை, இன்றும் போகவில்லை. ஆனால் எனக்கே ஒரு யோசனை வந்துவிட்டது.

முகாமை விட்டு வெளிக்கிட்டபோது எழுத்து வேலை எல்லாம் நான்தான் பார்த்தேன். கடைசி நாள் அவர் கோயம்புத்தூரில் மகனிடம் விடைபெறப் போயிருந்தார். ஆர்.ஐ. சிவப்புப் பேனையால் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் ஒரே இழுப்பில் வெட்டினார். "போய்ட்டு வாங்கம்மா, நல்லா இருங்க" என்றார், நல்ல மனிதர். நான் மேசைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் அதைக் கண்ணால் காணவில்லை. அதனால்தான் அவருக்குள்ளே பெயர் இன்னும் வெட்டுப்படாமல் நிற்கிறது. தன்னைத் தேடுகிறார்கள் என்று ஓடிவருகிறார்.

அவர் கண்முன்னால் வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மடுத்தீன் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகாமில் எங்களுக்குத் தலைவராக இருந்தவர். எங்களுக்கு முந்திய வருடம் ஊர் வந்தவர். ஆர்.ஐ. மாதிரிப் பேசிக் காட்டுவதில் அவரை வெல்ல ஆளில்லை. முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆருக்காகத் தங்கச்சி?" என்றார்.

"அவருக்காகத்தான். வேற ஆருக்கு?"

"சரி, சரி. ஞாயிறு செய்வம். கோழி அடி."

மே 14, ஞாயிறு

கோழிக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். முகாமில் இருந்து வந்த நாலு குடும்பம் வந்தது. வேலியால் ரீற்றம்மாவும் வந்தார், அழைக்காமலே.

வேம்புக்குக் கீழே மடுத்தீன் அண்ணன் மேசை போட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டார். "ஏம்ப்பா, வரிசையில நில்லுங்கப்பா! ஏம்மா, அடுத்தவன் புள்ளையக் கடன் வாங்கிட்டு வந்து உன் கணக்குல காட்டாத!" என்று தொடங்கியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கால்கள் தாமாக வரிசைக்கு வந்துவிட்டன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். யாரும் சொல்லவில்லை.

"சூசைநாயகம்!"

"இருக்கேன் சார்!"

"மூஞ்சியக் காட்டு. போன தடவ வேற மூஞ்சியில்ல வச்சிருந்த?"

"அது பெயிண்ட் சார்."

"எங்க போற?"

"சொந்த ஊருக்குப் போறேன் சார்."

"போ, போ. இனி இந்தப் பக்கம் வந்துடாத." சிவப்புப் பேனையால் நீளமாக ஒரு கோடு. எல்லோரும் கைதட்டினார்கள். இவர் குனிந்து கோட்டை நன்றாகப் பார்த்தார். சிரித்துக்கொண்டு விலகி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசத்தில்.

"எமல்டா, மனைவி!"

என் பெயரையும் சேர்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கேன் சார் என்றேன். பேனையைத் தூக்கினார்.

கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அதனால் அவசரத்தில் தாளை இழுத்துவிட்டேன். தாள் கிழிந்துவிட்டது. அண்ணனின் விரலில் என் நகம் பட்டுவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகள் ஏன் சத்தம் போடாமல் நின்றார்கள் என்று தெரியவில்லை. ரீற்றம்மா வந்து என்னைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் கூட்டிப்போனார். கறி அடிப்பிடிக்கவில்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மே 15, திங்கள்

கிழிந்த துண்டு என் சட்டைக்குள் இருந்தது. எறியவில்லை, குப்பை வாளி நிரம்பிவிட்டது.

மே 19, வெள்ளி

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு முறை கொப்பியை மூடிவிட்டேன்.

நாளை நகுலனுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் இவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "ஏலாது எண்டு சொல்லிவிடுவம்" என்றார், சர்வசாதாரணமாக. எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. முகாமில் சுவருக்குப் பதில் சேலை கட்டி வாழ்ந்த எங்களுக்குச் சண்டை என்றாலும் குசுகுசுப்புத்தான். இன்று கத்தினேன்.

"உங்கட பேர்தான் வெட்டியாச்சே! ஊரைக் கூட்டி, கோழி அடிச்சு, கண்ணுக்கு முன்னால வெட்டியாச்சே! இன்னும் என்னப்பா வேணும் உங்களுக்கு?"

அவர் கோப்பையை வைத்தார்.

"என்ர பேரை வெட்டியாச்சு. உன்ர பேர் நிக்குதடி."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கிறன். ஆறு மணிக்கு ஓடிவாற ஆள் நீங்கள்!"

"ஆருக்காக ஓடிவாறன்?"

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மார்ச் மாதம் ஒருநாள் பஸ் பழுதாகி ஒன்பது மணிக்கு வந்தாராம். நான் படலைக்கு வெளியே, ரோட்டில், முகாமிலிருந்து கொண்டுவந்த இரண்டு பைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனாம். ரீற்றம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இவரைக் கண்டதும் நான் இவரோடு பேசவில்லையாம். இருட்டைப் பார்த்து, "வந்துட்டார் சார், இந்தா வந்துட்டார் சார், வெட்டாதீங்க சார்" என்று கும்பிட்டேனாம். அங்கே ஒருவரும் இல்லை.

"பொய்" என்றேன். "அண்டைக்கு எனக்குத் தலைவலி."

"ஓம். அடுத்த நாள் நீ அப்பிடித்தான் சொன்னனீ. சரி எண்டு விட்டிட்டன்."

"அப்ப வெள்ளைச் சேட்?"

"நீ எடுத்து வைக்கிறாய். போடாட்டித் திரும்பத் திரும்ப எடுத்து நீட்டுவாய்."

"பூசைக்குப் போகாதது?"

"நீதானே வேண்டாம் எண்டனீ."

அழுதிருக்க வேண்டும் நான். எனக்கு வந்தது ஆத்திரம். மனைவிக்குச் சரியில்லை என்று ஊர் சொல்லக்கூடாது என்பதற்காக இவர் ஆறு மணி மாப்பிள்ளை ஆகியிருக்கிறார். ரீற்றம்மா வீட்டில் எட்டுத் தென்னை நிற்கிறது, என்னிடம் தேங்காய் கேட்டு வந்திருக்கிறார். மடுத்தீன் அண்ணனுக்குத் தெரியும். நகுலனுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சின்னப் பிள்ளை சிவாஜினி ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எல்லோரும் சேர்ந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிக் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கிறார்கள். பி.ஏ. படித்த எனக்கு மட்டும் தெரியாது.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"எப்பிடிச் சொல்லுறது? என்னை நல்லாக்க வேணுமெண்டு நீ ஓடித்திரிஞ்சனீ. அந்த ஓட்டத்திலயாவது விழாமல் நிக்கிறாய் எண்டு இருந்தன்."

கோப்பையைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்த பானையையும் கழுவினேன். ஐந்து குடமும் நிரம்பியிருந்தன. அவற்றைப் பார்த்தபோது அருவருப்பாக இருந்தது.

மே 20, சனி

செக்கிங் சனி என்று எழுதிவிட்டு வெட்டினேன். சனி, அவ்வளவுதான். சேட்டை மினுக்கவில்லை. பத்து மணிக்குள் இரண்டு முறை வாந்தி.

என்ன பயம் என்று இருந்து யோசித்துப் பார்த்தேன். அங்கே எங்களை எண்ணுவதை எவ்வளவு வெறுத்தேன். ஆட்டுக்குட்டிகளை எண்ணுவது போல என்று சொல்வேன். ஆனால் மாதம் இரண்டு தடவை ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் இருக்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனார். இங்கே நான் ஒரு கிழமை முழுக்கக் கதவைத் திறக்காவிட்டாலும் எந்த அலுவலகமும் கேட்காது. இதைத்தானே சுதந்திரம் என்று இருபத்தாறு வருடம் கேட்டோம். கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

பின்னேரம் நகுலன் வந்தான். இவர் வாயைத் திறக்கும் முன்னே நான் சொன்னேன்: "அண்ணை வருவார், தம்பி. பத்து நாளும் நிப்பார்."

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மே 22, திங்கள்

காலை பஸ்ஸில் போய்விட்டார். போகும்போது இரண்டு முறை திரும்பி வந்தார், ஒருமுறை பிரஷை மறந்தேன் என்று, ஒருமுறை ஒன்றையும் மறக்காமல்.

நாலு மணிக்குப் போன் எடுக்கவில்லை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு முற்றம் கூட்டினேன். ஐந்தரைக்கு ரீற்றம்மா வந்தார். இன்று தேங்காய் என்று சொல்லவில்லை. சும்மா நின்றார், முகம் சிவந்துபோய்.

"இருங்கோ அக்கா" என்றேன். பிறகு, "இல்லை, போங்கோ. இண்டைக்கு நான் தனிய இருந்து பாக்கிறன்."

"நான் வேலிக்கு அங்காலதான் நிப்பன். கூப்பிடு."

"கூப்பிடாட்டி வரக்கூடாது."

"வரமாட்டன். ஆனா நிப்பன்" என்றார்.

ஆறு மணி ஆனது. கால் படலைப் பக்கம் இழுத்தது. அறைக்குள் அந்தப் பைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்றும் தெரியும். படியில் இருந்துகொண்டு படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு பெரிய மனுசி படியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்கட்டும்.

போன் அடித்தது. அவர்.

"என்ன செய்யிறாய்?"

"இருக்கிறன்."

அவருக்குப் பின்னால் யாரோ ஏணியை இழுக்கும் சத்தம்.

"வரட்டோ? ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்காம். நகுலனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். வரட்டோ, எமல்டா?"

வாங்கோ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார், ஒரு சொல்லும் கேட்காமல், ஊர் சிரிக்கச் சிரிக்க. அதை நினைக்கத்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலைத்தான் பிடித்துக்கொண்டு பேசினேன்.

"எத்தினையாவது பூச்சு அடிக்கிறீங்கள்?"

"முதலாவது. காய ரெண்டு நாள் எடுக்கும்."

"காயட்டும். ரெண்டாவதும் அடிச்சிட்டு வாங்கோ."